சாட்சி சொல்ல வந்த மாமனார்

எங்கள் வீட்டில் ஒரு வேலை தொடங்கியதற்கு எத்தனை சாட்சி வேண்டுமானாலும் காட்டலாம். முடிந்ததற்குத்தான் சாட்சி கிடைக்காது. ஹாலில் ஒரு சுவர் பாதிவரை நீலம், மீதி பழைய மஞ்சள். வாஷிங் மெஷினில் ஓடுவது நேற்று துவைத்த அதே துணி. காயப்போட மறந்து வாடை வந்துவிட்டதால் மறுபடியும் துவைபடுகிறது. குளியலறையில் மூடி இல்லாத ஷாம்பு பாட்டில், மூடி சமையலறையில், சமையலறைக் கத்தரிக்கோல் எங்கே என்று யாருக்கும் தெரியாது. நானோ உதிரிபாகக் கிடங்கில் ஸ்டோர்கீப்பர். என் கிடங்கில் ஒரு போல்ட் தட்டு மாறி உட்கார்ந்தால் அன்று எனக்குச் சோறு இறங்காது. இப்படிப்பட்டவனை இவள் தலையில் கட்டினார்களா, இவளை என் தலையில் கட்டினார்களா என்பது இன்னும் தீராத வழக்கு.

இவள் என்றால் என் மனைவி. பல் செட் செய்கிற லேபில் வேலை பார்க்கிறாள். பல் டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றித் தாடை அச்சு எடுத்து, மெழுகில் ஈறு செதுக்கி, ஒவ்வொரு பல்லாக நட்டு வைப்பது இவள் வேலை. எல்லாப் பல்லும் வரிசையாக இருந்தால் அது பொய்ப்பல் என்று ஊருக்கே தெரிந்துவிடும் என்பாள். அதனால் முன்பல் ஒன்றை மட்டும் மயிரிழை திருப்பி வைப்பாள். அதை வைக்கிற நேரத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் நிமிர மாட்டாள். சாப்பாட்டு டப்பா போனபடியே திரும்பி வரும். லேப் முதலாளி அவளுக்கு வைத்த பெயர் சிற்பி. நான் வைத்த பெயர் சூறாவளி. சிற்பியும் சூறாவளியும் எப்படி ஒரே ஆளாக இருக்க முடியும் என்பதுதான் எனக்குப் பிடிபடாத கணக்கு.

ஒரு நாள் காலையில் பாலை அடுப்பில் வைத்தாள். டீத்தூள் எடுக்க அலமாரியைத் திறந்தாள். கதவு கீச்சென்றது. அதற்கு எண்ணெய் விடலாம் என்று எண்ணெய்க் குப்பியைத் தேடி பால்கனிக்குப் போனாள். பால்கனியில் செடி வாடிக் கிடந்தது. தண்ணீர் பிடிக்க வாளியோடு குளியலறைக்குப் போனாள். அங்கே கொடியில் பையனின் பள்ளிச் சட்டை, காலரில் கறை. புகை வாசனைக்கு நான் எழுந்து ஓடியபோது பால் கருகிப் பாத்திரம் சிவந்திருந்தது, வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, இவள் ஈரத் தரையில் உட்கார்ந்து அந்தக் காலரை உயிரைக் கொடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். காலர் மட்டும் கடையிலிருந்து வந்த மாதிரி வெளுத்திருந்தது. நான் கத்தினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் திமிர் ஏதும் இல்லை. நல்ல தூக்கத்தில் எழுப்பப்பட்டவள் போல, எந்தப் பால், யார் வீட்டு அடுப்பு என்று புரியாமல் பார்த்தாள்.

இதில்தான் எனக்குக் குழப்பம். மறதிக்காரி என்றால் எல்லாவற்றையும் மறக்க வேண்டும். இவளுக்கோ நாலு வருஷத்துக்கு முன்னால் செய்த பல் செட்டில் எந்தக் கடைவாய்ப்பல்லை ராவினாள் என்பது ஞாபகம் இருக்கும். சோம்பேறி என்றால் சும்மா இருக்க வேண்டும். இவள் ஒரு நிமிஷம் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. அப்புறம் என்னதான் இவள்? வேண்டியதைச் செய்கிறாள், வேண்டாததை விட்டுவிடுகிறாள் என்று நானே ஒரு தீர்ப்பு எழுதிவைத்திருந்தேன். அவளுடைய பள்ளிக்கூட வாத்தியார்களும் அதையேதான் எழுதினார்களாம்: அறிவு இருக்கிறது, பொறுப்பு இல்லை. அவளும் அதை அப்படியே நம்பி வளர்ந்துவிட்டாள். திட்டினால் எதிர்த்துப் பேசவே மாட்டாள். முந்திக்கொண்டு தன்னைத் தானே திட்டிக்கொள்வாள், என் வேலை மிச்சம்.

இப்படியே ஓடியிருக்கும். ஒரு பல் செட் கருகியதில் எல்லாம் மாறியது.

அந்த வேலையில் கடைசிக் கட்டம் ஒன்று உண்டு. செட்டை ஒரு பித்தளைப் பெட்டிக்குள் இறுக்கிப் பூட்டித் தண்ணீரில் வேகவைக்க வேண்டும். இவள் பெட்டியைத் தண்ணீரில் இறக்கிவிட்டுத் திரும்பினாள். பக்கத்து மேஜையில் வேறு யாரோ நட்ட பல் ஒன்று கோணலாகத் தெரிந்தது. அதைத் திருத்த உட்கார்ந்தாள். தண்ணீர் வற்றி, பெட்டி பழுத்து, லேப் முழுக்க நெடி ஏறிய பிறகும் அவள் அந்தக் கோணல் பல்லைத்தான் திருத்திக்கொண்டிருந்தாள். கருகிப்போன செட் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியருடையது. மறுநாள் காலையில் அவர் வேலை பார்த்த பள்ளியில் பழைய மாணவர்களுக்கு முன்னால் பேச வேண்டியவர். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு லேபுக்கு வந்தாராம். திட்டவில்லையாம். பல்லில்லாத வாயால் காற்றாய், பரவாயில்லம்மா என்று சொல்லிவிட்டுப் போனாராம். அவர் திட்டியிருந்தால் இவள் தாங்கியிருப்பாள். அந்தப் பரவாயில்லம்மாவில் உடைந்துபோனாள்.

முதலாளி நல்ல மனுஷன். வேலையை விட்டுத் தூக்கவில்லை. உன் கை எனக்கு வேணும், தலையைத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை, எங்கேயாவது போய்க் காட்டு என்றாராம். அதுவரைக்கும் வேகவைக்கிற பக்கம் போகக் கூடாது, மெழுகு வேலை மட்டும் பார் என்று ஒதுக்கிவிட்டார்.

அன்று சாயங்காலம் இவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் எதிரில் உட்கார்ந்தாள்.

"இது வியாதியா, என் குணமான்னு எனக்குத் தெரிஞ்சாகணுங்க. வியாதின்னா மருந்து சாப்பிடறேன். குணம்னா..."

அந்த வாக்கியத்தையும் பாதியில் விட்டாள். அதற்கு மட்டும் நான் கேலி செய்யவில்லை. டாக்டரும் உனக்கு ஒன்றுமில்லை போம்மா என்று சொல்லிவிட்டால் இவள் என்ன ஆவாள்? ஊரே சந்தோஷப்படுகிற அந்த ஒரு பதிலுக்குத்தான் இவள் பயந்தாள்.

மறதிக்கு வைத்தியம் பார்க்க முதல் நிபந்தனை, மறக்காமல் வர வேண்டும் என்பது. கண்ணாடி தொலைத்தவனைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து தேடச் சொல்வது போல. முதல் முறை டாக்டர் தேதி கொடுத்தார். அது கடந்துபோன மறுநாள் இவளுக்கு ஞாபகம் வந்தது. இரண்டாம் முறை ஒரு நாள் முன்னதாகவே போய் மத்தியானம் வரை காத்திருந்து, தேதி நாளைக்கு என்று தெரிந்து சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள். நாளை வந்தது, இவள் போகவில்லை. நேற்றே போய்வந்த திருப்தி மனதில் தங்கிவிட்டதாம். மூன்றாம் முறை நானே லீவு போட்டு, கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன்.

டாக்டர் இள வயதுப் பெண். அவசரப்படாமல் எல்லாவற்றையும் கேட்டார். ஏடிஹெச்டி என்று ஒன்று இருக்கிறது என்றார். குழந்தைகளுக்கு வருவது என்றுதான் கேள்விப்பட்டிருந்தோம், பெரியவர்களுக்கும் உண்டாம். கவனமே இல்லை என்பதில்லையாம், கவனம் சொன்ன பேச்சைக் கேட்பதில்லையாம். கேட்கக் கேட்க இவள் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டாள். ஆனால் டாக்டர் உடனே சொல்லிவிடவில்லை. இது நடுவில் முளைப்பதில்லை, சின்ன வயதிலேயே இருந்திருக்க வேண்டும், அந்த வயதில் உங்களை வளர்த்தவர் யாராவது வந்து சொன்னால்தான் நான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார். என் மாமியார் காலமாகிவிட்டார். கூடப் பிறந்தவர்களும் இல்லை. பாக்கி இருப்பது மாமனார் ஒருவர்தான்.

என் மாமனார் குழாய் வேலை செய்கிறவர். இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறார். கைராசிக்காரர், கலகலப்பானவர், அவர் வந்தால் எங்கள் பையன் பாடப்புத்தகத்தைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடுவான். ஒரே குறை, அவரை ஒரு வீட்டுக்கு வரவழைத்து வேலையை முடிக்கவைத்தவர்கள் குறைவு. குழாய் முடக்குக்கு ஒரு எல்போ வாங்கிவரப் போவார், சாயங்காலம் வருவார், எல்போ வராது. ஆடு மேய்த்த மாதிரியும் ஆச்சு, அண்ணனுக்குப் பெண் பார்த்த மாதிரியும் ஆச்சு என்பார்கள். இவர் விஷயத்தில் ஆடும் வராது, பெண்ணும் வராது, வழியில் யார் வீட்டு மோட்டாரையோ இலவசமாகச் சரிசெய்துவிட்டு வருவார். மாமியார் இருந்தவரை வண்டி ஓடியது. ஸ்பேனரிலிருந்து கைக்குட்டை வரை பையில் எடுத்துவைத்து, இன்றைக்கு எந்த வீடு என்பதை வாசலில் நின்று இரண்டு தரம் சொல்லி அனுப்புவார். இப்போது மாமனாரின் சொந்தக் குளியலறைக் குழாய்க்கே கைப்பிடி கிடையாது. குறடால் திருகித்தான் குளிக்கிறார்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு விளங்கியது எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. மாமனார் என்றால் மாமனார், அவர் அப்படித்தான், அவ்வளவுதான்.

நான் போய் விஷயத்தை எடுத்துச் சொன்னேன். முழுசும் கேட்டார். கேட்டுக்கொண்டே என் சைக்கிள் செயினைக் கழற்றிவிட்டார். உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும் மாமா என்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"என் பொண்ணப் பத்தி ஒரு டாக்டர் முன்னாடி நான் குறையா பேசுவேனா மாப்ள? என்ன மனுஷன்னு நினைச்சீங்க என்னை?"

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

போக வேண்டிய நாள் வந்தது. மாமனார் ஆச்சரியமாக முன்னதாகவே வந்துவிட்டார். வந்தவர் சும்மா இருந்தாரா? எங்கள் சமையலறைக் குழாய் லேசாகச் சொட்டுகிறது என்று உட்கார்ந்தார். நான் சட்டை மாற்றிக்கொண்டு வந்து பார்த்தால் குழாய் ஏழெட்டு உறுப்பாகத் தரையில் கிடக்கிறது, மாடித் தொட்டித் தண்ணீரை அடைத்தாகிவிட்டது, வீடு முழுக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை. இவள் ஒரு பக்கம் போனைக் காணோம் என்று போன் வெளிச்சத்திலேயே கட்டிலுக்கு அடியில் தேடிக்கொண்டிருக்கிறாள். அப்பனும் மகளும் ஆளுக்கு ஒரு பக்கம் தரையில் தவழ, நான் நடுவில் சாவியோடு நின்றேன். குழாயை அப்படியே போட்டுவிட்டு இருவரையும் வெளியே தள்ளிக் கதவைப் பூட்டினேன்.

டாக்டரின் அறை சின்னது. நாலு நாற்காலி, ஒரு மேஜை, மேஜையில் ஒரு பேனா மட்டும். என் கண்ணுக்குச் சொர்க்கம். டாக்டர் என்னைப் பார்த்து, இன்று அப்பா மட்டும்தான் பேச வேண்டும், நீங்கள் உதவி செய்யக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாமனார் சலவைச் சட்டை போட்டு, முடியைப் படிய வாரி, மகளுக்கு வேலைக்குச் சிபாரிசு செய்ய வந்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சின்ன வயதில் பொருட்களைத் தொலைப்பாளா என்று கேட்டார் டாக்டர். எல்லாப் பிள்ளைகளும் தொலைக்கிற மாதிரிதான் என்றார் மாமனார். பென்சில் தினமும் போகும்; அதற்கென்ன, பெட்டியாக வாங்கி வைத்துவிடுவாராம். சொன்னதை மறப்பாளா? மறக்காத மனுஷன் உண்டா டாக்டர் என்று திருப்பிக் கேட்டார். காலையில் பள்ளிக்குக் கிளம்ப நேரமாகுமா? எங்கள் வீட்டில் யார்தான் நேரத்துக்குக் கிளம்பினோம் என்று சிரித்தார். ஒரு வேலையை எடுத்தால் பாதியில் விட்டுவிடுவாளா?

"பாதி வரைக்குமாவது செய்வா டாக்டர். நானெல்லாம் அதுகூட கிடையாது."

டாக்டர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். மாமா, ஹோம்வொர்க் நோட்டை மழையில் விட்டுவிட்டு வந்தது, பரீட்சைத் தாளில் பின்பக்கத்தைப் பார்க்காமலே எழுந்து வந்தது, இதெல்லாம் நீங்கள்தானே என்னிடம் சிரிக்கச் சிரிக்கச் சொன்னீர்கள் என்று வாய் வரை வந்தது. நான் இருமினேன். டாக்டர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். அடங்கினேன்.

இவளைத் திரும்பிப் பார்த்தேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தவள் பின்னால் சாய்ந்துவிட்டாள். நகக் கண்ணில் ஒட்டியிருந்த மெழுகைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அப்பா சொல்கிற ஒவ்வொரு நல்ல வார்த்தைக்கும் அவள் ஒரு சுற்று சிறுத்துக்கொண்டே போனாள். நல்ல பிள்ளை, சமர்த்து, குறையே இல்லை. அப்படியானால் அந்த ஆசிரியரின் பல்லை எரித்தது யார்? குறை இல்லாதவள் தெரிந்தே செய்தாளா? பெற்ற தகப்பன் மகளைப் புகழப் புகழ அவள் கண்ணில் தண்ணீர் முட்டுவதை நான் அதுவரை எங்கேயும் பார்த்ததில்லை.

ஒரே இடத்தில் அமைதியாக உட்காருவாளா என்று கேட்டார் டாக்டர். மாமனார் முகம் மலர்ந்தது. இதுவரை சொன்னதெல்லாம் சும்மா, இதோ பார் என்பது போல நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டார்.

"அதுல என் பொண்ண அடிச்சுக்க ஆளில்ல. அப்ப அவளுக்கு ஆறு வயசு. கடைத்தெருவுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன். ஒரு இரும்புக் கடை வாசல்ல பெஞ்சு இருக்கும். 'பாப்பா, இங்கயே உக்காரு, அப்பா அடுத்த தெருவுல ஒரு வாஷர் வாங்கிட்டு இதோ வந்துடறேன்'னு சொல்லிட்டுப் போனேன். போனவன் அப்படியே வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துட்டேன். முழிப்பு வந்து ஓடிப்போய்ப் பாக்கறேன், மத்தியானம்னு கடையவே சாத்திட்டுப் போயிட்டாங்க. தெருவுல ஒரு ஈ, காக்கா இல்ல. எம்பொண்ணு அதே பெஞ்சுல, வச்ச எடத்துல வச்ச மாதிரி உக்காந்திருக்கா. அசையலியே டாக்டர். அந்தப் பொறுமை எந்தக் குழந்தைக்கு வரும்?"

எங்களைச் சுற்றிப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார்.

அந்தக் கதை எனக்கும் தெரியும். ஆனால் எனக்குத் தெரிந்த கதை வேறு. எங்கள் கல்யாணத்தன்றே இவளுடைய அத்தை ஒருத்தி சொல்லிச் சிரித்த கதை அது. ஆறு வயதில் கடைத்தெருவில் அப்பன் கையை உதறிவிட்டு ஓடித் தொலைந்துபோனவள், பத்திரமாகப் பிடித்துக்கொள் மாப்பிள்ளை என்று என்னை எச்சரித்தாள். சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்தில் எல்லாம் அதுதான் பேச்சு. இவள் எதையாவது தொலைத்தால், தன்னையே தொலைத்தவள் இதைத் தொலைக்கமாட்டாளா என்பார்கள். இவளும் அப்படித்தான் நம்பினாள். கல்யாணமான புதிதில், நான் எப்படிப்பட்டவள் என்று தெரிந்துகொள்ளுங்கள் என்று முதலில் எனக்குச் சொன்னதே இந்தக் கதைதான்.

நுணலும் தன் வாயால் கெடும். மாமனார் இத்தனை வருஷமாக ஒரு ரகசியத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறார். அது ரகசியம் என்பதையே இன்றைக்கு மறந்துவிட்டார்.

இவள் தலையைத் தூக்கினாள்.

"அப்பா, நான்தானே உங்க கைய விட்டுட்டு ஓடினேன்?"

மாமனாரின் சிரிப்பு முகத்திலேயே நின்றது. என்னைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். என்ன சொல்லிவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"அப்படித்தான்... எல்லாரும் சொல்லுவாங்க பாப்பா."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கோபமோ வியப்போ இல்லாத குரலில், வாஷர் வாங்கப் போனதற்கும் வீட்டில் படுத்ததற்கும் நடுவில் என்ன ஆனது என்று கேட்டார். மாமனார் நெற்றியைத் தேய்த்தார். வாஷர் கடைக்குப் போனது தெரியும். வழியில் ஒருவர் வீட்டில் குழாய் பீய்ச்சி அடித்தது தெரியும். அதை அடைத்துவிட்டு, சட்டை நனைந்துபோச்சே என்று வீட்டை நோக்கி நடந்தது தெரியும். குழந்தையைக் கூட்டி வந்ததுதான் அதில் எங்கேயும் இல்லை.

"எத்தனையோ தரம் யோசிச்சுப் பாத்துட்டேன் டாக்டர். மறந்துட்டேன்னுகூட சொல்ல முடியல. அவ வந்ததே அப்ப இல்லாமப் போயிடுச்சு."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். பால் கருகிய காலையில் குளியலறைத் தரையில் நான் பார்த்தது இதே முகத்தைத்தான்.

டாக்டர் இப்போது கேள்விகளை அவர் பக்கம் திருப்பினார். ஒன்றிரண்டுக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார் மாமனார். அப்புறம் சிரிப்பு குறைந்தது. பிறகு பதில் சொல்லும் முன் மகளைப் பார்க்க ஆரம்பித்தார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாக, மகளுக்குச் சாட்சி சொல்ல வந்தவர் தனக்கே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசியில் டாக்டர் இவளிடம் சொன்னார். "உங்க அப்பா கண்ணுக்கு நீங்க வித்தியாசமா தெரியவே இல்ல. ஏன்னு இப்பப் புரியுது. உங்களுக்கு இது இருக்குன்னுதான் நான் நினைக்கிறேன்." இன்னொரு முறை வாருங்கள், உறுதிப்படுத்திக்கொண்டு மருந்து பற்றிப் பேசலாம் என்றார். விருப்பமிருந்தால் அப்பாவும் தனக்காக வரலாம் என்றார். இந்த வயசில் எனக்கு எதுக்கு என்று மாமனார் கையை ஆட்டினார்.

கேட்க வந்த பதில் கிடைத்துவிட்டது. வியாதிதான், குணமில்லை. நான் இவள் துள்ளிக் குதிப்பாள் என்று எதிர்பார்த்தேன். இவள் டாக்டருக்கு நன்றி சொல்லிவிட்டு, எழுந்து, தப்பான கதவைத் திறந்து, அது சுவர் அலமாரி என்று தெரிந்து மூடி, பிறகு சரியான கதவு வழியாக வெளியே போனாள்.

வராந்தாவில் ஒரு நீள பெஞ்சு. இவள் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் நான். மாமனார் கொஞ்சம் தள்ளி, எங்கே உட்காருவது என்று தெரியாதவர் போல நின்று, பிறகு ஓரத்தில் ஒண்டினார். எனக்கு அவர் மேல் கொலைவெறியே வந்தது. ஆறு வயதுக் குழந்தை! சாத்திய கடை வாசலில், ஆள் நடமாட்டமில்லாத தெருவில். அதோடு விட்டாரா? பழியையும் அந்தக் குழந்தை தலையிலேயே கட்டிவிட்டு, வருஷக்கணக்காக எல்லோரும் சிரிக்கும்போது கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறார். ஆனால் அந்தக் கோபத்தை எடுத்து அவர் மேல் வீசப் போனால் கை பாதியில் நின்றது. அவருக்கு இருப்பதும் வியாதிதானே? மகளுக்கு ஒரு நியாயம், அப்பனுக்கு ஒரு நியாயமா? மறந்தது வியாதி, சரி. பொய் சொன்னது? அது எந்தக் கணக்கில் வரும்? என் கிடங்கில் எந்தப் பொருளுக்கும் ஒரு தட்டு உண்டு. இதை எந்தத் தட்டில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இவளும் அங்கேயேதான் சுற்றிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். எனக்குக் கோபமாக வருகிறது, ஆனால் கோபப்பட முடியவில்லை என்று மெதுவாக என்னிடம் சொன்னாள். பிறகு அப்பா பக்கம் திரும்பினாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று தலையாட்டினார். வெளியே போயிருந்த அம்மா வந்து எழுப்பி, குழந்தை எங்கே என்று கேட்டதும், கையை உதறிவிட்டு ஓடிவிட்டாள் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு ஓடினாராம். திரும்பி வரும் வழியில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாராம்.

"அப்புறம் ஏன்பா சொல்லல?"

மாமனார் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழாய் திருகித் திருகிக் காய்த்துப்போன கை. ஒரு நர்ஸ் வந்து யாரோ ஒருவரைக் கூப்பிட்டுவிட்டுப் போனாள். இவள் விடவில்லை. நீங்கள் வந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேனா என்று கேட்டாள். அவளுக்கு அந்த நாளைப் பற்றி எதுவுமே ஞாபகம் இல்லை. எல்லோரும் சொன்ன கதை மட்டும்தான் இருக்கிறது.

"அழலம்மா" என்றார். "என்னப் பாத்ததும் எழுந்து ஓடி வந்த. வந்து என் கால கட்டிக்கிட்டு, 'இனிமே தொலைய மாட்டேம்பா'ன்னு சொன்ன."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரி, இந்த ஒரு தடவ மன்னிச்சுட்டேன்னு சொன்னேன்."